ஹார்லோவில் விழுந்த தொப்பி

நெஸ்டர் பாபியுக் ஊருக்குத் திரும்பி வந்தது சாவதற்குத்தான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலையில் என் கேன்டீனில் வந்து உட்காரும் கிழவர்களிடம் இதை வாய்விட்டுச் சொன்னால் அடிக்க வருவார்கள். நுரையீரல் பாழாகி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, ஆஸ்பத்திரியின் முதியோர் பிரிவில் ஏரியைப் பார்த்த அறையில் அவர் படுத்திருந்தார். இவர்களோ அடுத்த சனிக்கிழமை அவர் மட்டையோடு களத்தில் இறங்கப்போகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் காகித ஆலையின் பனி ஹாக்கி அணிக்காக மூன்று குளிர்காலம் ஆடிவிட்டு, பெரிய லீக்குக்குப் போய் இருபது வருஷம் நாட்டையே இருக்கை நுனியில் உட்காரவைத்த மனிதர் அவர். இந்த ஊரில் பிறந்தவர்களில் வெளியூர்க்காரனுக்கும் பெயர் தெரிந்த ஒரே ஆள். என் கேன்டீன் ஹாக்கி அரங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனித்தளம், இந்தப் பக்கம் காபி. கண்ணாடிக்கு மேலே நெஸ்டரின் படம். அதன் கீழே உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுவதுதான் இந்தக் கிழவர்களுக்கு ஆலை வேலையைவிட நீண்ட உத்தியோகம்.

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் பேச்செல்லாம் ஒரு தொப்பியைப் பற்றியதாகிவிட்டது.

நெஸ்டர் கோப்பைகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். பதக்கங்கள் தங்கையின் பிள்ளைகளிடம் இருக்கின்றன. சட்டை, மட்டை எல்லாம் ஏலத்தில் போய் ஏதோ குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பணமாகின. அவரிடம் மிஞ்சியது தலையில் வைத்திருந்த ஒரு பழைய ரோமத் தொப்பி மட்டும். நீரெலித் தோலில் தைத்தது, காதை மூடும் மடல் வைத்தது, அங்கங்கே முடி கொட்டியது. தூங்கும்போதும் கழற்றுவதில்லை. நர்ஸ்கள் கெஞ்சியும் ஆகவில்லை. பார்க்கப் போன கேன்டீன் கிழவர் ஓவிட், அது எங்கே வாங்கியது என்று சும்மா கேட்டிருக்கிறார். வாங்கவில்லை, களத்தில் விழுந்தது என்று நெஸ்டர் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான். ஊர் பற்றிக்கொண்டது.

ஒரே ஆட்டக்காரன் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டால் தலையிலிருப்பதைக் கழற்றிக் களத்துக்குள் எறிய வேண்டும். எறிந்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. வெளியே எவ்வளவு குளிரடித்தாலும் வெறுந்தலையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகாதவன் உண்டு, தொப்பி எறியாதவன் கிடையாது. அப்படியிருக்க, ஆயிரம் தொப்பிகளில் ஒன்றை மட்டும் நெஸ்டர் ஐம்பது வருஷமாக ஏன் வைத்திருக்கிறார்? அது யாருடையது?

"என்னோடதுதான்," என்றார் ஓவிட். ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவர் என்பதால் எதையும் கத்தித்தான் சொல்வார். "அன்னிக்கு எறிஞ்சிட்டு வீட்டுக்கு நடந்தேன் பாரு, ரெண்டு காதும் குளிர்ல வெந்துபோச்சு. இன்னிக்கும் சரியாகல."

"உன் காது பொறக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு ஓவிட்," என்றார் லோர்ன். "உங்கம்மாவே எங்கப்பாகிட்ட சொல்லி அழுதிருக்காங்க."

லோர்ன் முடிதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஸ்டர் இந்த ஊருக்காகப் போட்ட ஒவ்வொரு கோலும் அவர் மண்டையில் இருக்கிறது. எந்த நாள், எந்தப் பக்கத்துக் கம்பம், யார் தள்ளிக் கொடுத்தது என்று எல்லாம் சொல்வார். மனைவியின் பிறந்தநாளைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார். நெஸ்டர் மூன்று கோல் போட்ட ஆட்டங்களை அவர் வரிசையாகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கையைத் தூக்கி அது தன் தொப்பி என்றார். அதில் இரண்டு பேர் அப்போது இந்த ஊருக்கே வந்திருக்கவில்லை.

நான் சிரித்துக்கொண்டே காபி ஊற்றினேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. நீரெலித் தோல், காதுமடல் என்று கேட்டதிலிருந்து எனக்கு அப்பா ஞாபகமாகவே இருந்தது. என் அப்பாவிடம் அப்படி ஒரு தொப்பி இருந்தது. அது காணாமல் போன நாளோடு எங்கள் வீட்டில் பேச்சும் காணாமல் போனது.

அப்பா பெயர் ஆர்மாஸ். பின்லாந்துக்காரர்களின் கூட்டுறவுக் கடைக்கு லாரி ஓட்டினார். எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு பிப்ரவரியில் வெண்ணெய் ஏற்றிக்கொண்டு ஹார்லோ என்ற ஊருக்குப் போனவர், பனிப்புயலில் சாலை மூடிவிட அங்கேயே மாட்டிக்கொண்டார். எங்கள் அணிக்கு அன்று ஹார்லோவில்தான் ஆட்டம். ஆட்டக்காரர்கள் முந்தின நாளே ரயிலில் போய்விட்டார்கள். ரசிகர்கள் போகவிருந்த பஸ் கிளம்பவே இல்லை. மறுநாள் சாலை திறந்ததும் அப்பா வீட்டுக்கு வந்தார், அந்தக் குளிரில் வெறுந்தலையோடு. அம்மா கைக்காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த தொப்பி அது. எங்கே என்று கேட்டாள். நெஸ்டர் மூணு கோல் போட்டான், எறிஞ்சிட்டேன் என்றார் அப்பா.

அம்மா சிரித்திருப்பாள். அவளும் ஹாக்கி பைத்தியம்தான். இருவரும் அதுவரை ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. ஆனால் சாயங்காலம் பேப்பர் வந்தது. ஹார்லோ ஆட்டத்தில் நெஸ்டர் இரண்டு கோல், அதே அணியின் எமில் ஒரு கோல் என்று போட்டிருந்தது. இரண்டு கோலுக்கு எந்த முட்டாள் ரோமத் தொப்பியை எறிவான்? ஹார்லோவில் லாரிக்காரர்கள் தங்கும் விடுதியை ஒரு விதவை நடத்திவந்தாள். பார்க்க லட்சணமாக இருப்பாள் என்று ஊரே சொல்லும். தொப்பி எங்கே கழன்றது என்று அம்மா தானே முடிவு செய்துகொண்டாள்.

அப்பா சத்தியம் செய்யவில்லை, சாட்சி தேடவில்லை. மூணு, என் கண்ணால பார்த்தேன் என்று மட்டும் சொன்னார். அம்மா பேப்பரைக் காட்டினாள். அதற்குப் பிறகு இருவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் வாழ்ந்தார்கள், ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அம்மா மட்டும் ஒரு ஆட்டத்துக்கும் அவரோடு போகவில்லை. அவள் இடத்தில் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவார். அவருக்கு அவள் மறுபடி ஒரு தொப்பி வாங்கித் தரவும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் அப்பா செத்துப்போனார். அழுதாள்தான். ஆனால் கோபம் போகாத அழுகை அது, எனக்குத் தெரியும்.

என் அப்பா பொய் சொன்னாரா இல்லையா? எனக்கு அது தெரிய வேண்டும். தெரிந்த ஒரே மனிதர் ஏரியைப் பார்த்த அறையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

எங்கள் பின்லாந்து வழக்கப்படி ஏலக்காய் ரொட்டி ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் அவர் சுருங்கிக் கிடந்தார். களத்தைச் சுற்றிய கம்பிவேலி அதிர ஆட்களை மோதித் தள்ளிய தோள்கள் சட்டைக்குள் காணாமல் போயிருந்தன. கண்கள் மட்டும் அதே குறும்போடு இருந்தன. ரொட்டியை மோந்துவிட்டு, பின்லாந்துக்காரி வீட்டுப் பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுடையது மாதிரியும் இருந்தது, ஊரிலிருந்த எல்லோருடையது மாதிரியும் இருந்தது. உள்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அம்மா அதில் தன் பழைய பச்சைக் கவுனிலிருந்து துணி வெட்டித் தைத்திருந்தாள். ஆனால் சாகக் கிடக்கிறவர் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்குவது எப்படி? எந்த ஆட்டம் என்று மட்டும் கேட்டேன்.

பதில் சொல்ல வாயெடுத்ததும் இருமல் வந்தது. அது நிற்கவே இல்லை. நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னாள். நான் கதவருகே போனபோது பின்னாலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"ஹார்லோ," என்றார்.

நேராக லோர்னிடம் போனேன். நெஸ்டர் ஹார்லோவில் மூன்று கோல் போட்ட ஆட்டம் எது என்று கேட்டேன். லோர்ன் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். அப்படி ஒன்று கிடையவே கிடையாது, ஹார்லோவில் அவர் அதிகபட்சம் போட்டது இரண்டு, புயலடித்த அன்றைக்கு, மூன்றாவது கோல் எமிலுடையது, அந்த வருஷம் எமில் போட்ட ஒரே கோல் அதுதான் என்றார். நோய் நெஸ்டரின் ஞாபகத்தையும் தின்ன ஆரம்பித்துவிட்டது பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று கோல் இல்லாத இடத்தில் தொப்பி எப்படி விழும் என்பது அவர் கேள்வி. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதையேதான் கேட்பார்கள். அம்மா ஐம்பது வருஷமாகக் கேட்டதும் அதுதான்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எண்பத்திரண்டு வயது. காது மந்தம், ஆனால் தனக்கு வேண்டியது மட்டும் துல்லியமாகக் கேட்கும். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"பேப்பர்ல ரெண்டுன்னுதான் இருந்துச்சு," என்றாள்.

"ஹார்லோன்னு அவரே சொல்றாரும்மா."

"மூச்சுவிட முடியாதவன் என்ன வேணா சொல்லுவான். நீ உங்கப்பாவுக்குப் பரிஞ்சு பேசறத எப்பத்தான் விடப்போற?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. செத்துப்போன மனுஷனுக்காவது கொஞ்சம் இரக்கம் காட்டு, உன் பேப்பரைக் கட்டிக்கொண்டு நீயே அழு என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். பெற்றவளிடம் பேசுகிற பேச்சில்லைதான், தெரியும். இரவெல்லாம் எனக்கே வெட்கமாக இருந்தது. காலையில் கேன்டீன் திறக்கப் போனால், அரங்கத்துப் படிக்குக் கீழே நல்ல கோட்டும் காலணியும் போட்டுக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று கேட்டேன். வண்டியை எடு என்று மட்டும் சொன்னாள். கேன்டீன் சாவியைக் கிழவர்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நெஸ்டருக்கு அன்று கொஞ்சம் பரவாயில்லை. தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அம்மா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை.

"அந்தத் தொப்பியோட உள்பக்கத்தக் காட்டறீங்களா?" என்று கேட்டாள்.

நெஸ்டர் அவளை நன்றாகப் பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் மெதுவாகத் தொப்பியைக் கழற்றித் திருப்பி நீட்டினார். வாசலில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே பச்சைத் துணி இருந்தது. வியர்வைபட்டுச் சாயம் போயிருந்தாலும் பச்சைதான். ஓரத்தில் அம்மா போடும் நெருக்கமான தையல். அம்மா அதை விரலால் தொட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நெஸ்டர் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கினார்.

"மூணாவது கோல் போட்டேன். அரங்கத்துல ஒரு சத்தம் இல்ல. அவங்க ஊராச்சே. நம்ம ஆளு ஒருத்தரும் வரல. அப்ப மேலேர்ந்து ஒரு தொப்பி வந்து விழுந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் அந்த ஆளுமேல பீரை ஊத்தினாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே நின்னாரு."

பின்னாளில் பெரிய லீக்கில் தொப்பிகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போவார்களாம். அதில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? எதிரி ஊரில் தனியாக நின்று எறிந்தவர் இவர் ஒருவர்தான். ஆட்டம் முடிந்ததும் நெஸ்டர் அவரை வாசலில் தேடிப்பிடித்து, வெளியே உயிரை வாங்கும் குளிர், தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டியிருக்கிறார். அவர் வாங்கவில்லை.

"எறிஞ்சத எடுக்கறது முறையில்லன்னாரு. என் பொண்டாட்டி வாங்கிக் குடுத்தது, நல்ல தொப்பி, பத்திரமா வெச்சுக்கோன்னாரு. அவ மட்டும் வந்திருந்தா அவளும் எறிஞ்சிருப்பான்னு சொன்னாரு."

அம்மா பச்சைத் துணியிலிருந்து விரலை எடுத்தாள். 

"பேப்பர்ல ரெண்டுன்னு போட்டிருந்தாங்களே."

நெஸ்டர் முகத்தில் குறும்பு போய், ஒரு பையனின் கூச்சம் வந்தது. அது தன் வேலைதான் என்றார். எமில் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு கோலும் போடவில்லை. அந்த வாரத்தோடு அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பயிற்சியாளர் முடிவு செய்திருந்தார். அவன் மனைவிக்கு அது நிறைமாதம். ஆட்டம் முடிந்து, கோல் கணக்கு எழுதுகிறவர் தாளோடு உடை மாற்றும் அறைக்கு வந்தபோது, கடைசிக் கோல் எமிலின் காலுறையில் உரசிக்கொண்டுதான் உள்ளே போனது என்று நெஸ்டர் சொன்னார். கடைசியில் யார் மேல் படுகிறதோ கோல் அவனுக்குத்தான் சேரும். எழுதுகிறவர் பெயரை மாற்றிவிட்டார். எமில் அணியில் நீடித்தான்.

"உரசவே இல்ல," என்றார் நெஸ்டர். "எனக்கு இன்னும் எத்தனையோ கோல் வரும், இது ஒண்ணு அவனுக்குப் போகட்டும்னு நினைச்சேன். இதனால யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லையே."

எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. நஷ்டம் யாருக்கு என்று சொல்லவா, அரங்கத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்காமல் அம்மா ஏறி வருவாளா என்று காலியான படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனைப் பற்றிச் சொல்லவா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவ்வளவு பலம் அவளிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க," என்றாள் அவரிடம்.

அவர் தொப்பியை அவள் பக்கம் தள்ளினார். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கையால் காட்டினார். அம்மா எழுந்து அதைத் திரும்ப அவர் தலையில் வைத்து, காதுமடல் இரண்டையும் இறக்கிவிட்டாள்.

"தொப்பி போச்சேன்னு அவர்மேல கோவிச்சுக்கிட்டீங்களா?" என்று நெஸ்டர் கேட்டார்.

"கொஞ்ச நாள்," என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கிளம்பினோம். வீட்டுப் பக்கம் திருப்பப்போனேன். வேண்டாம், அரங்கத்துக்குப் போ என்றாள். எனக்கு ஏழு வயதானதற்குப் பிறகு அவள் அந்தப் படியேறி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கைப்பிடியைப் பிடித்து ஏறி, கேன்டீனுக்குள் போய், நெஸ்டரின் படத்துக்குக் கீழே கிழவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தள்ளி இடம் விட்டார்கள்.

தொப்பி யாருடையது என்று நான்தான் சொன்னேன். எமில் விஷயத்தையும் சொன்னேன். அதன் பிறகு அங்கே நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. லோர்ன் முகம் வெளுத்து, அப்படியென்றால் தான் இத்தனை வருஷமும் சொல்லிவந்தது தப்பா என்று நாலு பேரிடம் கேட்டார். இனி உன்னை நம்பி மணி எத்தனை என்றுகூடக் கேட்க மாட்டேன் என்று ஓவிட் அவரிடம் கத்தினார். எமிலிடமிருந்து கோலைத் திரும்பப் பிடுங்கலாமா கூடாதா என்று இரண்டு கட்சி பிரிந்தது. கொடுத்ததைப் பிடுங்கினால் நெஸ்டருக்கே அவமானம் என்று ஒரு கட்சி. நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. எமில் செத்து எவ்வளவோ காலமாகிறது என்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

அம்மா மேஜையை உள்ளங்கையால் தட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"என் வீட்டுக்காரர் ஆர்மாஸ் அன்னிக்கு ஹார்லோவுல இருந்தாரு," என்றாள். எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "நெஸ்டர் மூணு கோல் போட்டதக் கண்ணால பார்த்தாரு. தொப்பியக் கழட்டி எறிஞ்சாரு. அவர் பொய் சொல்லல."

ஓவிட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. மற்றவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்பாவோடு சேர்ந்து பல வருஷம் மீன் பிடிக்கப் போனவர் அவர்.

"ஆர்மாஸ் பொய் சொன்னான்னு யாரு சொன்னது, ஐலி? ஆளைக் காட்டுங்க. இருக்கற பல்லையும் கழட்டிடறேன்."

"நான்தான்," என்றாள் அம்மா. "அவர் சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

ஓவிட், சாவு வீட்டில் செய்கிற மாதிரி, தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.